கவுண்டி கமிஷனர்: ‘ஆணையர்’ பொருந்துமா?

அமெரிக்கச் செய்தியில் ‘கவுண்டி கமிஷனர்’ வந்தால் ‘மாவட்ட ஆணையர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மாநகராட்சி ஆணையர், காவல் ஆணையர் என்றே பழகிய நமக்கு ஆணையர் என்றால் அரசு நியமித்த அதிகாரி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போல் அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு. அதை ஆளும் குழுவில் ஒருவரான கவுண்டி கமிஷனரோ ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர். பெரும்பாலும் நான்காண்டுப் பதவி.

‘கமிஷனர்’ லத்தீனின் ‘கொமித்தெரே’ (ஒப்படைத்தல்) வழி வந்தது: பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். ‘கவுண்டி’க்கு வேர் ‘கொமெஸ்’, அதாவது மன்னனின் உடனிருப்பவன். அவனே பின்னாளில் ‘கவுன்ட்’ என்னும் பிரபு ஆனான். அவன் ஆண்ட எல்லை கவுண்டி. கொங்குநாட்டுக் கவுண்டருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பட்ஜெட் போடுவது, சொத்துவரி விகிதம் வைப்பது, சாலை, பாலம், சிறை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குவது இவர்கள் வேலை. பல கவுண்டிகளில் விதி வகுப்பதும் நிர்வாகம் செய்வதும் இதே குழுதான். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவர் துறைக்கு நிதி ஒதுக்கலாம், யாரைக் கைது செய்வது என்று சொல்ல முடியாது.

‘ஆணை’ என்ற சொல் இடறுவது இங்கேதான். தனி கமிஷனர் ஒருவரின் வாய்ச்சொல் ஆணையாகாது. கூட்டத்தில் பெரும்பான்மை வேண்டும். டெக்சாஸில் நான்கு கமிஷனர்களும் தலைமை வகிக்கும் ‘கவுண்டி ஜட்ஜ்’ ஒருவருமாக ஐவர். சாதாரணக் கூட்டத்துக்கு மூவர் போதும். வரி விதிக்க நால்வர் வந்திருக்க வேண்டும். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் 2022இல் இருவர் கூட்டத்துக்கு வராமலே இருந்து, மற்ற மூவர் கேட்ட வரி விகிதத்தைத் தடுத்துவிட்டார்கள். பெரும்பான்மை கையில் இருந்தும் பலனில்லை.

பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் இடம் மூன்று, வாக்காளருக்கு ஓட்டு இரண்டுதான். மூன்றாம் இடம் அநேகமாக எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

பெயரும் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் ‘சூப்பர்வைசர்’. நியூஜெர்சியில் நிலவுடைமையாளர் என்று பொருள்படும் ‘ஃப்ரீஹோல்டர்’ என்ற பழம்பெயர் நெடுங்காலம் இருந்து, 2021 தொடக்கத்தில்தான் கமிஷனர் ஆனது.

தமிழில் ‘கவுண்டி ஆட்சிக்குழு உறுப்பினர்’ என்பதே சரி. நம் மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினரும் தேர்தலில் வருபவரே என்பதால் ‘குழு உறுப்பினர்’ வாசகருக்குச் சட்டென விளங்கும். தலைப்பில் இடமில்லையென்றால் ‘கவுண்டி உறுப்பினர்’ போதும். டெக்சாஸில் இந்தக் குழுவின் பெயரான ‘கமிஷனர்ஸ் கோர்ட்’டை மட்டும் ‘ஆணையர் நீதிமன்றம்’ ஆக்கிவிடாதீர்கள். அந்தக் குழு வழக்கு விசாரிப்பதில்லை.