அந்தக் கோணல் பறவை அப்படியே இருக்கட்டும்

ஓவிய ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து மாடிப்படிச் சுவரில் ஒரு பெரிய மரம் வரைந்திருந்தார்கள். அதில் ஒரு மாணவி வரைந்த பறவைக்கு ஓர் இறக்கை பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் வந்திருந்தது. மறுநாள் பெற்றோர் பார்க்க வரும் நாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அந்த இறக்கையைச் சரிசெய்துவிட்டேன். காலையில் அம்மாவை அழைத்து வந்த அவள், சுவருக்கு முன்னால் நின்று மேலும் கீழும் தேடினாள். "எதுடி நீ வரைஞ்சது?" என்று அம்மா கேட்டார். "இங்கதாம்மா இருந்துச்சு" என்றாள்.

அதற்கப்புறம் பிள்ளைகளின் வேலையில் என் தூரிகை பட்டதில்லை. ஆனால் அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றதும், நன்றாக இருக்க வேண்டுமே என்று தோன்றிவிடுகிறது. கடைசியில் ஆசிரியரும் வரையத் தெரிந்த நான்கைந்து பேருமே முழுவதையும் முடிக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் வண்ணக் கிண்ணம் கழுவுகிறார்கள். அதைக் கூட்டு ஓவியம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எல்லாக் கைக்கும் இடம் இருக்கும்படி வேலையைப் பிரிப்பது நம் பொறுப்பு. டைல்ஸ் சில்லுகளைப் பதிக்கும் மொசைக் இதற்கு மிகவும் தோதானது. வரையவே வராது என்று ஒதுங்கும் பையன்கூட நிறம் பார்த்துச் சில்லு பொறுக்குவான். (சில்லு வெட்டுவதும், இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவையைக் குழைப்பதும் பெரியவர்கள் வேலை. ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கும்.) சுவர் ஓவியம் என்றால், சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கி ஆளுக்கொன்று கொடுக்கலாம். இரண்டு கட்டங்கள் சேரும் விளிம்பில் சண்டை வரும். "என் பக்கம் ஆறு அவ்வளவு அகலம், உன் பக்கம் ஏன் இப்படி மெலிஞ்சு போச்சு?" அங்கே தலையிடாதீர்கள். பேசித் தீர்த்துக்கொள்வார்கள், தீர்த்த இடம் படத்திலேயே தெரியும்.

இனி சுவர். பாதி ஓவியங்கள் கெடுவது இங்கேதான். புதிதாகப் பூசிய சுவரை நான்கு வாரமாவது காயவிட வேண்டும். ஈரமும் சிமென்டின் காரமும் வண்ணத்தை உரித்துவிடும். ஓதம் ஏறி உப்புப் பூக்கும் சுவர் என்றால் அதை விட்டுவிடுங்கள், வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் எந்த பிரைமரும் காப்பாற்றாது. போஸ்டர் கலர் ஈரம் பட்டால் கரையும், அக்ரிலிக் நிற்கும். பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் ஃப்ளோரசென்ட் நிறங்கள் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். ஏன் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போதெல்லாம் நான் பலகைகளில் வரையவைத்து, பிறகு சுவரில் திருகு போட்டு மாட்டுகிறேன். ஏணி வேண்டாம், தரையில் உட்கார்ந்தே வேலை நடக்கும். கட்டடத்தில் பழுது பார்க்கும்போது கழற்றியும் வைக்கலாம்.

நிரந்தரம் என்றாலும் பராமரிப்பு உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரில், ஜூடி பாக்கா என்ற ஓவியர் தலைமையில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் 1976 தொடங்கிப் பல கோடைகளில் வரைந்த ஓவியம் சுமார் 840 மீட்டர் நீளம். அதையே 2011-இல் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நம் பள்ளிச் சுவருக்கும் ஒரு நோட்டு வேண்டும்: வரைந்த அத்தனை பேரின் பெயர், எந்த வண்ணம், எந்த பிரைமர், முடித்த தேதி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்கள். மீந்த வண்ணத்தை மூடி இறுக்கி வையுங்கள். நாளை பறவையின் இறக்கையில் ஓர் ஓரம் உரிந்தால், புகைப்படத்தைப் பார்த்து அந்த ஓரத்தை மட்டும், இருந்தபடியே, கோணலாகவே நிரப்ப வேண்டும்.