குற்றம் செய்தது சோறு, பழி அஜினோமோட்டோவுக்கு

இரவு 9 மணிக்கு மிக்ஸ்ட் பிரைட் றைஸ். 12 மணிக்கு வாந்தி. 1 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு குடும்பம், பிள்ளையின் கையில் ஷொப்பிங் பேக். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு முடிக்க முதலே பதில் வந்துவிடும்: "சைனீஸ் சாப்பாடு டொக்டர். அஜினோமோட்டோவைக் கூடப் போட்டிட்டாங்கள்."

இல்லை, அம்மா. அஜினோமோட்டோ வாந்தியும் வயிற்றோட்டமும் தராது. சனி, ஞாயிறு இரவுகளில் இந்தப் பேச்சு தவறாமல் நடக்கிறது. வாயால் சொல்லி அலுத்துவிட்டது, ஆகவே எழுத்தில்.

வளைவு கட்டி, சிவப்பு விளக்குத் தொங்கவிட்ட சீனத்தெரு என்று கொழும்பில் ஒன்றில்லை. கொள்ளுப்பிட்டி தொடக்கம் வெள்ளவத்தை வரை காலி வீதியும் அதன் ஒழுங்கைகளும், அந்தப் பக்கம் ஹெவ்லொக் வீதியும்தான் நமது சீனத்தெரு. ஷான்டோங், ஹூபே பக்கமிருந்து வந்து சைக்கிளில் துணி விற்றவர்களும் பல் கட்டியவர்களும் இந்த ஊரில் குடியேறினார்கள். பம்பலப்பிட்டியின் சைனீஸ் டிராகன் கஃபே 1942இல் தொடங்கியது. அந்த நாள்களிலிருந்து நமது நாக்குக்கு ஏற்ப உறைப்புக் கூட்டி வளர்ந்தது ஒரு சமையல்: ஹொட் பட்டர் கணவாய், டெவில்ட் சிக்கன், மிளகாய்ப் பேஸ்ட். சீனாவிலிருந்தே வந்த சமையற்காரர்கள் நடத்தும் கடைகள் இன்னொரு வகை. இரண்டிலும் தாராளமாகச் சாப்பிடுங்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

முதலில் அந்த வெள்ளைத் தூள். 1908இல் தோக்கியோவில் கிக்குனே இக்கேடா என்ற இரசாயனவியலாளர், கொம்பு என்னும் கடற்பாசியைக் காய்ச்சிய சாற்றின் ருசி எதிலிருந்து வருகிறது என்று தேடிப்போய்க் கண்டது குளுட்டமேட். அதை உப்பாக்கி அஜினோமோட்டோ என்ற பெயரில் அடுத்த வருடமே விற்கத் தொடங்கினார்கள். பழுத்த தக்காளியில் அது இருக்கிறது. தாய்ப்பாலில் பசுப்பாலைவிடப் பல மடங்கு இருக்கிறது. மாசியில் இருப்பது இனோசினேட், குளுட்டமேட்டின் கூட்டாளி. மாசிச் சம்பலை நக்கிச் சாப்பிட வைப்பதும் சைனீஸ் சூப்பை இன்னொரு கோப்பை கேட்க வைப்பதும் ஒரே ருசிக் குடும்பம்தான். வெள்ளவத்தையில் பரிமாறுகிற பையனிடம் "தம்பி, அஜினோமோட்டோ போடாமச் செய்யச் சொல்லுங்கோ" என்பவரின் வீட்டு அலுமாரியில் சூப் கியூப் பெட்டி இருக்கும். கோழிக்கறிக்கு இரண்டு கட்டி. பெட்டியைத் திருப்பி, உள்ளடக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் போட்டால் மருந்து, கடையில் போட்டால் நஞ்சா?

பழி வந்த கதை இது. 1968இல் அமெரிக்காவில் ஒரு வைத்தியர் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்ட பின் கழுத்து விறைப்பு, படபடப்பு. காரணம் சோயா சோஸா, சமையல் வைனா, உப்பா, குளுட்டமேட்டா என்று சந்தேகமாகக் கேட்டார், அவ்வளவுதான். தலைப்பில் "சைனீஸ் ரெஸ்டோரண்ட்" ஏறியது, நாலு சந்தேகத்தில் மூன்றை உலகம் மறந்துவிட்டது. தங்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேரை வைத்து, எதில் குளுட்டமேட் எது வெறும் பானம் என்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாமல் பரிசோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தபோதும் குளுட்டமேட்டுக்கு மட்டும் அறிகுறி காட்டியவர் இரண்டே பேர். உணவோடு கொடுத்தபோது அதுவும் நிலைக்கவில்லை. வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் போனால் சிலருக்குச் சற்று நேரம் தலையிடி, முகச்சூடு வரலாம், தானாகவே போய்விடும். ஒரு கோப்பை உணவில் சேர்ப்பது பெரும்பாலும் அரைக் கிராமுக்கும் குறைவு. அந்தத் தூளில் சோடியம் 12 சதவீதம், மேசை உப்பில் 39.

இவ்வளவு விளக்குவது தூளுக்கு வக்காலத்து வாங்க அல்ல. "அஜினோமோட்டோ இல்லாத கடை" என்ற பலகையைக் கண்டு மனம் ஆறி, உண்மையான ஆபத்தைத் தட்டோடு வாங்கிச் சாப்பிடுகிறீர்களே, அதற்காக.

பிரைட் றைஸ் உதிரி உதிரியாக வர வேண்டுமானால் சோறு ஆறிக் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாளே வடிப்பார்கள். பிரிட்ஜில் வைத்தால் கட்டியாகிவிடும் என்று பெரிய பேசினில் குவித்து அடுப்படி மூலையிலேயே விட்டுவிடும் கடைகள் உண்டு. கொழும்பு அடுப்படியின் 30 பாகைச் சூட்டில் அந்தக் குவியலின் நடுப்பகுதி இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். பசிலஸ் செரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்தவை, கொதிநீரில் சாவதில்லை. அந்த வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். மறுநாள் வொக் சட்டியில் மூன்று நிமிடம் பிரட்டினால் பக்டீரியா சாகலாம், நஞ்சு சாகாது. வாந்தி தரும் அந்த நஞ்சு 121 பாகையில் 90 நிமிடம் தாக்குப்பிடிக்கும். சாப்பிட்டு அரை மணியிலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் வாந்தி. இதே கிருமியின் இன்னொரு நஞ்சு வயிற்றோட்டம் தரும், அது 6 முதல் 15 மணித்தியாலம் கழித்து. 1970களில் பிரித்தானியாவின் சீனக் கடைகளில் பிரைட் றைஸ் சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வாந்தியெடுத்ததும் இதனால்தான்.

இனி, கடை தப்பு, வீடு சரி என்று நினைக்காதீர்கள். நம்மூர் பார்சல் ஒருவருக்கு வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும். மிச்சம் மேசையில், கூடையால் மூடி, விடியும் வரை. காலையில் மைக்ரோவேவில் போட்டு, "நல்லாச் சூடாக்கித்தான் டொக்டர் சாப்பிட்டனாங்கள்." சூடாக்கியது சரி, நஞ்சு போகவில்லையே! உடனே அடுத்த கேள்வியும் வரும்: அம்மம்மா பழஞ்சோறு சாப்பிட்டாவே, அவவுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அம்மம்மா தண்ணீர் ஊற்றி வைத்தா. அது புளித்தது, புளிப்பு இந்தக் கிருமியை அடக்கும். முட்டையும் இறாலும் எண்ணெயும் போட்ட பிரைட் றைஸ் புளிப்பதில்லை, பழுதாகிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிடுங்கள்; டிலிவரி மோட்டார் சைக்கிள் காலி வீதி நெரிசலில் நின்ற நேரமும் இதில் சேர்த்தி. மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிடத் தொடங்க முதலே பாதியை எடுத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான பாத்திரத்தில் பரப்பி, 5 பாகைக்குக் கீழே வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவை. இரவு மேசையில் கிடந்தது குப்பைக்கு. பணம் போகிறதே என்று பிள்ளைக்கு ஊட்டாதீர்கள், தயவுசெய்து.

கடையைத் தெரிவதில், சோறு இன்று வடித்ததா என்று கேட்டுப் பயனில்லை. எல்லாரும் ஓம் என்பார்கள். கண்ணால் பாருங்கள். பகல் 12 முதல் 2 வரையும் இரவு 7 முதல் 9 வரையும் கூட்டம் வரும் கடையில் சோறு தேங்குவதில்லை. பின்னேரம் 4 மணிக்கு புஃபே தட்டின் மூடியைத் திறந்து, ஆவி வராமல், கீழே விளக்கும் அணைந்திருந்தால் அந்தத் தட்டைத் தொட வேண்டாம். 60 பாகைக்கு மேல் நிற்காத உணவு அது. தொட்டி நண்டு கால் அசைக்க வேண்டும். ஹொட்பொட் கடையில் பச்சை இறைச்சியை எடுக்கும் இடுக்கி வேறு, உங்கள் வாய்க்குப் போகும் குச்சி வேறு. கோழி போட்ட பின் பானை மறுபடி தளதளவென்று கொதிக்கும் வரை பொறுங்கள். பேச்சு சுவாரசியத்தில் இளஞ்சிவப்பாகவே எடுத்து வாயில் போடுகிறவர்கள் கொஞ்சப் பேரல்ல.

முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கிறதா? அதுவும் அஜினோமோட்டோ இல்லை என்றே முதலில் நினையுங்கள். கெலவல்லா, பலயா, சூரை போன்ற மீன் ஐஸ் குறைந்து கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். டெவில் பண்ணினாலும் அது போகாது. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இதே அறிகுறிகள். நாக்கில் மிளகுபோல் குத்தினால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள். மறுநாள் காலைத் தலையிடியும் தாகமும் என்றால் உப்பை நினையுங்கள்: ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் சோடியம் ஏறக்குறைய 900 மில்லிகிராம், நாள் முழுவதற்கும் 2000 போதும். கணவாயை பைட்டாக்கிக் குடித்த பியரையும் கணக்கில் எடுங்கள்.

உயிரை எடுக்கக்கூடியது ஒவ்வாமை. இறால் ஒத்துக்கொள்ளாதவர் மிக்ஸ்ட் றைஸில் இறாலைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் தப்பமாட்டார். ஒரே எண்ணெயில் இறாலும் கோழியும் பொரிகின்றன. நாசி கொரெங்கில் இறால் விழுது இருக்கும், மிளகாய்ப் பேஸ்டில் கூனியோ மாசியோ இருக்கும், கங்குனில் ஒய்ஸ்டர் சோஸ். (வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கும் இது: "வெஜிடபிள்" என்று எழுதிய கங்குன் சிப்பிச் சாற்றில் வதங்கியிருக்கலாம், சூப்பின் அடிநீர் கோழி எலும்பாக இருக்கலாம். ஓடர் சொல்லும்போதே கேளுங்கள்.) பரிமாறுபவர் சிங்களம் பேசுபவரானால் இஸ்ஸோ, தல்லோ, கக்குளுவோ என்று இறால், கணவாய், நண்டைப் பெயர் சொல்லி, கழுவிய சட்டியில் புது எண்ணெயில் செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அங்கே சாப்பிட வேண்டாம்.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சு இழுப்பு வந்தால் ஒவ்வாமைக்கான பிரிட்டோன் குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். குளிசை கடியை அடக்கும், மூச்சைத் திறக்காது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறுபவரை இருத்துங்கள், நடக்க விடவேண்டாம். டிஸ்பென்சரி நடத்தும் சகாக்களே, வளர்ந்தவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், முதலில் அதுதான். ஸ்டீரொயிட் ஊசி பிறகு.

வெறும் வாந்தி என்றால் ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நீரிழப்புத் தூள். ஒரு பக்கட்டுக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர். அரைக் கிளாசில் முழுப் பக்கட்டையும் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. சிறு சிறு மிடறாக. வாந்தி நிறுத்தும் மருந்தைப் பாமசியில் கேட்டு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். 6 மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, இரத்தம், கடுங்காய்ச்சல், மயக்கம், கண் மஞ்சள் என்றால் உடனே வாருங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நீரிழிவுக்காரர் என்றால் இவை எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

வாந்தி வந்துவிட்டதென்றால் மட்டும் மிச்சப் பார்சலை எறியாதீர்கள். அப்படியே மூடி பிரிட்ஜில் வைத்து, உறைய விடாமல், பில்லோடு மாநகரசபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைப் பரிசோதிக்கவும் மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பேஸ்புக்கில் படம் போடுவது அதற்குப் பிறகு. ஒரு தாளில் சாப்பிட்ட நேரம், வாந்தி தொடங்கிய நேரம், யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். ஒன்றும் ஆகாதவரின் பெயரையும் எழுதுங்கள். அவர் சோற்றைத் தொடாமல் நூடில்ஸ் மட்டும் சாப்பிட்டிருப்பார், பரிசோதகர் தேடுவது அதைத்தான்.