ஒரே தொட்டி, ஒரே தாகம்

நர்சரிக்குப் போனால் கண் முதலில் நிறத்தைத்தான் தேடும். கருஞ்சிவப்பு கோலியஸ் ஒன்று, அதற்குப் பக்கத்தில் வெள்ளை ஓரம் போட்ட கற்பூரவள்ளி, விளிம்பில் தொங்கவிட டேபிள் ரோஸ் என்று எடுத்து வருகிறோம். மூன்றையும் ஒரே தொட்டியில் நட்டால் முதல் சில வாரங்கள் அவ்வளவு அழகாக இருக்கும். அப்புறம்தான் சிக்கல். கோலியஸுக்காகத் தினமும் தண்ணீர் விட்டால் கற்பூரவள்ளியின் தண்டு அடியில் அழுகுகிறது. சரி, குறைத்துக்கொள்வோம் என்றால் கோலியஸ் தலை தொங்குகிறது. பக்கத்துச் செடியின் நிழல் விழுந்ததும் டேபிள் ரோஸ் பூப்பதையே நிறுத்திவிடுகிறது.

இத்தனைக்கும் தாவரவியல்படி கோலியஸும் கற்பூரவள்ளியும் ஒரே பேரினம். இரண்டும் துளசிக் குடும்பம்தான். ஆனால் கோலியஸின் இலை மெல்லியது. வெயிலில் நீரை வேகமாக இழந்துவிடும். கற்பூரவள்ளியின் இலை சதைப்பற்றோடு தடித்திருக்கும். மேலே மென்முடி இருக்கும். நீரை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். எனவே சொந்தபந்தம் பார்த்துச் செடிகளைச் சேர்ப்பதில் பயனில்லை. ஒரே தொட்டியில் வாழப்போகும் செடிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது தாகப் பொருத்தம். நிறம், உயரம், இலையின் வடிவம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான் வரும்.

நிலத்தில் இந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை. வேர்கள் ஆளுக்கொரு திசையில் போய்த் தேவையானதை எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய நீர் கீழே இறங்கிப் போய்விடும். தொட்டியில் அது போவதற்கு இடம் இல்லை.

தொட்டிக்கு நீர் ஊற்றுகிறோம். அடி ஓட்டை வழியாகக் கொஞ்ச நேரம் சொட்டுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மிகுதி நீரெல்லாம் வெளியேறிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு, காற்றுக்கு இடமே இல்லாமல், முழுக்க நனைந்தபடி நிற்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன; புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. நிலத்தில் கீழேயும் மண் தொடர்வதால் அதுவும் சேர்ந்து நீரை உறிஞ்சி இறக்குகிறது. தொட்டியின் அடியிலோ மண் முடிந்து வெறும் காற்று தொடங்கிவிடுகிறது. அந்த எல்லையில் சந்துகளின் பிடிப்பு, ஈர்ப்பைவிட வலுவாக இருக்கும் உயரம் வரைக்கும் நீர் நின்றுவிடும்.

இந்த ஈர அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண் கலவைதான். தொட்டியின் உயரத்துக்கு அதில் பங்கில்லை. துகள் பொடியாக இருந்தால் அடுக்கு உயரும், பருமனாக இருந்தால் தாழும். ஒரு கலவையில் அது 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் வேருக்கு மேலே நிறைய இடம் மிஞ்சும். அதே கலவையை 10 செ.மீ. ஆழமுள்ள தட்டுத் தொட்டியில் போட்டால் பாதித் தொட்டி சேறாக இருக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கவைத்துச் சொட்டு நிற்கும்வரை பொறுங்கள். பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் நீர் ஒழுகும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது.

வடிகாலுக்காக அடியில் ஜல்லி பரப்பும் வழக்கம் பயன் தராததற்கும் காரணம் இதுதான். பொடியான மண்ணில் இருக்கும் நீர் உடனே ஜல்லிக்குள் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்த பிறகுதான் இறங்கும். ஆகவே ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மண் கொட்டாமல் இருக்க ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தால் போதும். ஜல்லிக்கான இடத்தையும் மண்ணுக்கே கொடுங்கள்.

வேர் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் நீரில் பரவுகிறது. ஈரம் நிறைந்த அடுக்கில் வேர் முதலில் திணறுகிறது. அப்போது வேர்ச் செல்களின் உள்ளே அமிலத்தன்மை கூடி, நீரை உள்ளே விடும் புரத வாசல்கள் மூடிக்கொள்கின்றன. அதனால்தான் தண்ணீரிலேயே நிற்கும் செடியும் வாடுகிறது. வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். தொட்டிச் செடிகள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. நண்பகலில் கோலியஸ் துவண்டு, மாலையில் தானே நிமிர்ந்தால் அது தாகம் ஆகாது. வேர் எடுப்பதைவிட இலை அதிகமாக ஆவியாக்கியதால் வந்த தற்காலிகத் தளர்ச்சி, அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்து, சென்னை மாதிரியான ஊரின் மாடிக்கு இரண்டு தொட்டிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நல்ல வெயிலுக்கான வறண்ட தொட்டி. ஆழமான மண் தொட்டியாக இருக்கட்டும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாவதால் உள்ளே சூடு தணியும், மண்ணும் சீக்கிரம் காயும்; இந்தக் கூட்டத்துக்கு இரண்டுமே நல்லது. செம்மண்ணோடு பெருமணலைத் தாராளமாகச் சேர்க்கலாம். நடுவில் நிமிர்ந்து நிற்க மருள். நம் காடுமேடுகளில் தானாக வளரும் செடி, நாரை எடுத்து வில்லுக்கு நாண் திரித்திருக்கிறார்கள், ஆனாலும் யாரும் அதை அழகுச் செடியாக மதிப்பதில்லை. வரிவரியாகக் கோடு போட்ட அந்த விறைப்பான இலைக்கு நிகராக விலை கொடுத்து வாங்கும் செடிகளில்கூட அதிகம் இல்லை. மருளும் கற்றாழையும் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்துக்கொள்பவை. அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. இடையில் உள்ள இடத்தை நிரப்ப வெள்ளை ஓரக் கற்பூரவள்ளி. விளிம்பில் டேபிள் ரோஸ். தண்ணீர் தட்டுப்பட்டால் இதுவும் அந்த இரவுநேர முறைக்கு ஓரளவு மாறிக்கொள்ளும். இன்னும் பூ வேண்டுமென்றால் நித்தியகல்யாணி சேரும். வெயிலை அது எளிதாகத் தாங்கும், வேரில் நீர் தேங்கினால்தான் அழுகும்.

இரண்டாவது, கிழக்கு வெயில் மட்டும் படும் இடத்துக்கான ஈரத் தொட்டி. இதற்கு பிளாஸ்டிக் தொட்டியோ வளர்ப்புப் பையோ பொருந்தும். கலவையில் தென்னை நார்க் கழிவு கூடுதலாக இருக்கலாம். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வருவதை ஊறவைத்து, உப்புப் போக நன்றாக அலசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நடுவில் கருந்தண்டுச் சேம்பு. அதன் தண்டுக்குள் காற்று போய்வரும் குழல்கள் இருப்பதால் சேற்றிலும் வேருக்கு மூச்சு கிடைக்கும். இடையில் எலுமிச்சைப் பச்சைக் கோலியஸ். விளிம்பில் வல்லாரை! ஓடுதண்டுகள் தொட்டிக்கு வெளியே வழிந்து, கணுவுக்குக் கணு வட்ட இலை விட்டுத் தொங்கும். துவையலுக்கும் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளலாம்.

தொங்கவிடுவதற்கு மணி பிளான்ட் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்றி ஏறக் கொம்பு கிடைத்தால்தான் அதன் இலை பெரிதாகும், தொங்கும் கொடியில் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய இலை வேண்டுமென்றால் அதை நடுவில் ஒரு கொம்பில் ஏற்றிவிடுங்கள்.

இனி நிறம். நர்சரியில் பார்த்த நிறம் வீட்டில் நிலைக்குமா என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. கோலியஸின் சிவப்பும் பர்ப்பிள் ஹார்ட் என்ற ஊதா இலைச் செடியின் நிறமும் ஆந்தோசயனின் என்ற நிறமி. டேபிள் ரோஸ், காகிதப்பூ, கோழிக்கொண்டை, தண்டுக்கீரையின் சிவப்பு எல்லாம் பீட்டாலைன் என்ற வேறொரு நிறமி. இந்த இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. ஆந்தோசயனின் பல செடிகளில் இலையை மிகுந்த ஒளியிலிருந்து காக்கும் திரையாகவும் வேலை செய்கிறது. எனவே பர்ப்பிள் ஹார்ட் வெயிலில் அடர்ந்த ஊதாவாகவும் நிழலில் பச்சை கலந்தும் போகும். குரோட்டனும் வெளிச்சம் குறைந்தால் பச்சைக்குத் திரும்பும். வெள்ளை ஓர இலைகளின் கதை வேறு. அந்த வெள்ளைப் பகுதியில் பச்சையமே இல்லாததால் செடி மெதுவாகத்தான் வளரும். எங்காவது முழுப் பச்சைக் கிளை ஒன்று முளைத்தால் அது அதிக உணவு தயாரித்து மற்றக் கிளைகளை முந்திவிடும். பார்த்த உடனே அதை அடியோடு வெட்டிவிட வேண்டும்.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதில் கண்ணுக்கும் மூளைக்கும் பங்கு உண்டு. பாரிஸில் கோப்ளேன் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் மங்கலாக இருப்பதாக வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. எதிரெதிர் நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதை 1839-இல் விரிவாக எழுதினார், தோட்டத்தில் பூக்களை எப்படி அடுக்குவது என்பதையும் சேர்த்தே. கருஞ்சேம்பின் ஊதா, எலுமிச்சைப் பச்சைக்குப் பக்கத்தில் இரண்டு மடங்கு ஆழமாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொன்று, நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. வெயில் தாழ்ந்த பிறகுதான் நாம் மாடிக்குப் போகிறோம். ஒளி மங்க மங்க, பார்க்கும் வேலையை விழித்திரையின் கூம்புச் செல்களிடமிருந்து கோல் செல்கள் எடுத்துக்கொள்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே. பகலில் கொழுந்துவிட்டு எரிகிற சிவப்புக் குரோட்டன் ஆறரை மணிக்குக் கறுப்பாகிவிடும், வெள்ளை ஓர இலையும் வெளிர்மஞ்சளும் அப்போதும் பளிச்சென்று நிற்கும். டேபிள் ரோஸும் பிற்பகலிலேயே மூடிக்கொள்ளும். மாலையில் மட்டும் தோட்டத்தில் உட்காருபவர்கள், இருக்கைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூவும் வெள்ளை ஓர இலையும் வைத்துக்கொள்ளுங்கள். மணத்துக்கு அந்திமந்தாரை ஒன்று போதும். ஆனால் அதன் கிழங்கு பெருத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனித் தொட்டி.

நட்ட பிறகு கோலியஸின் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். நுனி மொட்டு அனுப்பும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. அது போனால் செடி அடர்ந்து வளரும். நடும்போதே வேர்க்கட்டியையும் பாருங்கள். ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே நார்க் கழிவில் வைத்தால் சுற்றியுள்ள கலவை ஒரு மாதிரியும் உருண்டை ஒரு மாதிரியும் ஈரம் பிடிக்கும். ஓரக் களிமண்ணை நீரில் கரைத்து, வேரைக் கொஞ்சம் பிரித்துவிட்டு நடுங்கள்.

நார்க் கழிவும் மக்கும். நாளாக நாளாகத் துகள் பொடியாகி, மேலே சொன்ன அந்த ஈர அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக உயரும். போன வருடம் நன்றாக இருந்த தொட்டியில் இந்த வருடம் அதே அளவு தண்ணீருக்கு வேர் அழுகுவது இப்படித்தான். மண் மட்டம் நாலு விரல் இறங்கி, ஊற்றிய நீர் மேலேயே தேங்கி நின்றால் கலவையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில் இதைச் செய்துவிடுவது நல்லது. மழை தொடங்கியதும் வறண்ட தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள், ஈரத் தொட்டி வெளியிலேயே இருக்கலாம்.