நீளாத நூலில் நீளும் துணி

சேலம் அம்மாப்பேட்டைத் தறியில் நெய்த வெண்பட்டு வேட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். துளியும் இளகிக் கொடுக்காது. ஊசியில் பின்னிய ஸ்வெட்டரை இழுத்தால் தாராளமாக விரிகிறது, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இத்தனைக்கும் அந்த ஸ்வெட்டரின் நூலைத் தனியே எடுத்து இழுத்தால் அது பெரிதாக நீளுவதில்லை. நூலில் இல்லாத நீட்சி துணிக்கு எங்கிருந்து வருகிறது?

தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கிறது, ஊடை நூல் அதற்குக் குறுக்கே மேலும் கீழுமாக ஓடுகிறது. இரண்டுமே ஏறக்குறைய நேராக இருப்பதால், இழுத்தால் நேராவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, கீழ்வரிசைக் கண்ணிகளுக்குள் புகுந்து வெளிவருகிறது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலை நெடுக ஒரு கயிற்றைக் கிடத்தி இரு முனைகளையும் இழுத்தால், கயிறு இம்மியும் நீளாமலே முனைகள் வெகுதூரம் விலகிவிடும். கண்ணியில் நடப்பதும் இதுதான். அகலமாக இழுத்தால் கண்ணியின் இரு பக்கமும் நிற்கும் கால்களிலுள்ள நூல் வளைவுக்குள் நகர்ந்து, கண்ணி குட்டையாகி விரிகிறது. நீளமாக இழுத்தால் ஒடுங்கி உயர்கிறது. வளைந்த நூல் எப்போதும் நிமிரத் துடிப்பதால் கண்ணிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கையை எடுத்ததும் துணி பழைய நிலைக்குத் திரும்புவது அதனால்தான்.

பின்னலில் அடிப்படை அசைவுகள் இரண்டே. புதுக் கண்ணியைப் பழைய கண்ணி வழியாகப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் நிட். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் பர்ல். நிட் கண்ணியைத் துணியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே பர்ல். இந்த இரண்டை அடுக்கும் வரிசையை மாற்றினாலே துணியின் குணம் தலைகீழாக மாறிவிடுகிறது.

ஒரு பக்கம் முழுக்க நிட் தெரியும்படி பின்னுவது ஸ்டாக்கினெட். பனியன் துணியின் முகம் இதுதான். வழவழப்பாக இருக்கும், ஆனால் ஓரம் சுருளும். கண்ணி தட்டையான உருவம் அல்ல, அதன் கால்கள் முன்னே துருத்துகின்றன, வளைவுகள் பின்னே பதுங்குகின்றன. எல்லாக் கண்ணிகளும் ஒரே திசையில் வளைந்திருந்தால் அவை நிமிர முயலும் விசையும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கிறது. நடுவில் இருப்பதை அக்கம்பக்கத்துக் கண்ணிகள் பிடித்துக்கொள்கின்றன, ஓரத்தில் பிடிக்க ஆள் இல்லை. அதனால் பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருள்கின்றன. புதிதாகப் பின்னுபவர்கள் தங்கள் கை சரியில்லை என்று வருந்துகிறார்கள். கைமேல் குற்றமே இல்லை, அது அந்தப் பின்னலின் இயல்பு.

எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னித் திருப்பிக்கொண்டு போனால் கார்ட்டர். வரிசைக்கு வரிசை நிட்டும் பர்லும் மாறிவருவதால் சுருளும் விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, துணி சமமாகக் கிடக்கும். நீளவாக்கில் நன்றாக இழுபடும். கண்ணிக்குக் கண்ணி சதுரங்கக் கட்டம்போல மாற்றினால் சீட், அதுவும் சுருளாது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ரிப். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று நிரை நிரையாக மாற்றிக்கொண்டு போனால், நிட் நிரைகள் முன்னே எழும்பிப் பர்ல் நிரைகள் பின்னே ஒளிந்துகொள்ளும். துணி தானாகவே மடிந்து ஒடுங்கும். இழுக்கும்போது முதலில் மடிப்பு விரிகிறது, அப்புறம்தான் கண்ணிகள் விரிகின்றன. மணிக்கட்டு, கழுத்து, தொப்பியின் விளிம்பு எல்லாம் ரிப்பாக இருப்பதன் காரணம் இதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு இந்த நான்கு பின்னல்களையும் இழுத்து அளந்து 2024இல் ஆய்வு வெளியிட்டது. அடுக்கு மாறினால் துணியின் விறைப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை அது கணக்கோடு காட்டுகிறது. பாட்டிமார் விரல்நுனியில் வைத்திருந்த அறிவு அது.

இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் முதல் பின்னல் இயந்திரத்தைச் செய்தபோது அதில் ஸ்டாக்கினெட் மட்டுமே வந்தது. ரிப்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்க இன்னொரு வரிசை ஊசி வேண்டும். அதை ஜெடிடையா ஸ்ட்ரட் சேர்த்தது 1750களின் கடைசியில். திருப்பூரில் இன்றும் ரிப் ஓட்டும் இயந்திரத்தில் இரண்டு வரிசை ஊசிகள் இருக்கின்றன.

சரி, நாம் எதைப் பின்னலாம்? சேலம் நகரத்தைவிட ஏற்காடு சுமார் 1200 மீட்டர் உயரம். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில் எட்டு டிகிரி வரை வித்தியாசம் வரும். மார்கழி அதிகாலையில் அங்கே நிற்க ஸ்வெட்டர் வேண்டும். கதகதப்பைத் தருவது பெரும்பாலும் கண்ணிகளுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான். கம்பளி இழை இயற்கையிலேயே நெளிந்திருப்பதால் நிறையக் காற்றைப் பிடித்துவைக்கும். தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோல் தோன்றாது, சேர்வராயன் மலைப் பனிமூட்டத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் பலமான காற்று கண்ணிகளின் இடைவெளியில் புகுந்து அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். பகோடா முனை போன்ற திறந்த இடங்களில் மேலே நெய்த துணியில் தைத்த மெல்லிய ஜாக்கெட் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாகக் கழுத்துத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், கார்ட்டரில். இரண்டாவதாக ரிப் விளிம்பு வைத்த தொப்பி. நகரத்து வெயிலுக்குப் பருத்தி நூலில் பை பின்னலாம். பருத்திக்கு மீளும் குணம் குறைவு என்பதால் கைப்பிடி காலப்போக்கில் தொங்கும், அதை இறுக்கமாகப் பின்னுங்கள்.

ஸ்வெட்டருக்குப் போகும்முன் மாதிரித் துண்டு ஒன்று பின்னி, அலசிக் காயவைத்து, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணியே ஆக வேண்டும். 20 கண்ணி என்று நினைத்து 50 செ.மீ. அகலத்துக்கு 100 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கையில் உண்மையில் 22 விழுந்தால் கிடைப்பது 45 செ.மீ.தான். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் சேர்ந்தால் சுற்றளவில் 9 செ.மீ. போய்விடும்.

அப்படி அளவு தவறினாலும் நூல் வீணாவதில்லை. முனையைப் பிடித்து இழுத்தால் முழு ஸ்வெட்டரும் பிரிந்து வரும். பிரித்த கம்பளி நூல் கண்ணியின் நெளிவை அப்படியே வைத்திருக்கும். இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்த வளைவில் படிந்துபோனதுதான் காரணம். தண்ணீர் அந்தப் பிணைப்புகளைத் தளர்த்தும். நூலைப் பெரிய வளையமாகச் சுற்றி அங்கங்கே தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் காயப்போடுங்கள். பிணைப்புகள் நேரான நிலையில் மறுபடி உருவாகி நூல் நிமிர்ந்துவிடும். அக்ரிலிக் நூலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, லேசான ஆவி காட்ட வேண்டும். சூடு அதிகமானால் அதன் துள்ளல் போய்விடும், திரும்ப வராது.