வெயிலை நம்பிப் பவளத் தொட்டி வைப்பவர்களுக்கு

கடல் மீன் தொட்டிக்கான விளக்கின் விலையைக் கேட்டதும் பலருக்கும் தோன்றுவது, "நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்பதுதான். யோசனை தப்பில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வெயில், கடல்நீர், உயிர்ப்பாறை (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய கடல் பாறை), ஒரு காற்றுக்குழாய் இவற்றை மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்து, அந்த முறையை 1961-ல் எழுதி வெளியிட்டார். ஆனால் விளக்கில் மிச்சமாகும் காசு பெரும்பாலும் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லருக்குப் போய்விடும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வெயில் தொட்டியில் வெளிச்சம் போதாமல் பவளம் சாவது அபூர்வம். சூடு தாங்காமல் சாவதுதான் அதிகம்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 90 × 60 × 40 செ.மீ. தொட்டிக்கானது. விளிம்பு வரை 216 லிட்டர் பிடிக்கும். பாறையும் மணலும் போக 180 லிட்டர் நிற்கும். வெயிலுக்கு ஆழம் குறைந்த, அகலமான தொட்டிதான் சரி. ஸ்டாண்டு, பாறை எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். பால்கனியில் வைக்க நினைத்தால் முதலில் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்.

எந்த ஜன்னல்?

வெளிநாட்டு வீடியோக்களில் தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்பார்கள். அது 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்களுக்கு. சென்னை இருப்பது 13 டிகிரியில். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் இங்கே நிழலில்லா நாள். நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நாலு மாதமும் சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமே போகிறது. தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஒரு துளிகூட விழாது. மார்கழியில் கதை தலைகீழ். நண்பகல் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஜன்னலின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், வெயில் முக்கால் மீட்டர் தூரம் உள்ளே வந்து தொட்டி முழுக்க விழும். ஆக, அதே தொட்டி சித்திரையில் இருட்டில் கிடக்கும், மார்கழியில் காயும்.

மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். வீடும் தண்ணீரும் ஏற்கெனவே சூடேறியிருக்கும் மதியம் 2 மணிக்கு மேல்தான் அங்கே வெயில் வரும்.

கிழக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். வருடம் முழுக்கக் காலை வெயில் கிடைக்கும். பத்தரை, பதினொரு மணிக்கெல்லாம் சன்ஷேடு அதைத் தானாகவே மறைத்துவிடும். மாடி வீட்டுக்காரர்கள் கூரையில் ஒளிக்குழாய் (வெயிலை உள்ளே இறக்கும் பளபளப்பான குழாய்) வைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. வெளிச்சம் மேலிருந்து இறங்கும், பவளமும் நேராக வளரும். பழுப்பு நிறக் கண்ணாடியோ சன் ஃபிலிமோ ஒட்டிய ஜன்னல் என்றால் பாதி வெளிச்சம் அங்கேயே போய்விடும்.

தொட்டியின் மேல்விளிம்பு ஜன்னல் திட்டின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். வெயில் நீர்ப்பரப்பின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பக்கக் கண்ணாடி வழியாகப் போனால் இரண்டே வாரத்தில் கண்ணாடியில் பச்சை படியும், பவளமும் ஜன்னல் பக்கம் சாய்ந்து வளரும். அந்தப் பக்கக் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். 45 டிகிரி சாய்வில் வரும் கதிர் தண்ணீருக்குள் நுழைந்ததும் வளைந்து, செங்குத்திலிருந்து 32 டிகிரிதான் சாய்ந்திருக்கும். காலை வெயிலும் அடி வரை எட்டுவது அதனால்தான்.

எவ்வளவு வெயில் போதும்?

பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். திறந்த வெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 2,000 பார். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். பார் மீட்டர் விலை அதிகம்; வெளிச்சம் அளக்கும் சாதாரண லக்ஸ் மீட்டரே போதும். வெயிலில் காட்டும் லக்ஸை 54-ஆல் வகுத்தால் பார் கிடைக்கும். இந்தக் கணக்கு வெயிலுக்கு மட்டுந்தான், நீல எல்.இ.டி.க்குப் பொருந்தாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், காலித் தொட்டியின் அடியிலும் பாறை வரப்போகும் உயரத்திலும் மீட்டரை வைத்து, காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கொரு தரம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் சேரும் மொத்த வெளிச்சம்தான் கணக்கு. 100 பார் வீதம் 10 மணி நேரம் கொடுக்கும் விளக்கும், 300 பார் (சுமார் 16,000 லக்ஸ்) வீதம் 3 மணி நேரம் அடிக்கும் காலை வெயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மீதி நேரத்தில் வரும் வானத்து வெளிச்சம் உபரி. கடையில் நீல விளக்கின் கீழ் மின்னிய பச்சையும் ஆரஞ்சும் வெயிலில் அப்படித் தெரியாது, பழுப்பு கலந்துதான் இருக்கும். அது நோயல்ல. மினுமினுப்பு வேண்டுமென்றால் மாலையில் 2 மணி நேரம் சின்ன நீல எல்.இ.டி. போடுங்கள்.

சூடுதான் ஆளைக் கொல்லும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. சூடும் அதிக வெளிச்சமும் சேரும்போது அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைந்து, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பாறை பாறையாக வெளுத்தது இதே காரணத்தால்தான். கடலுக்கே அந்தக் கதி என்றால் 180 லிட்டர் எம்மாத்திரம்?

இந்தத் தொட்டியின் பரப்பில் முழு வெயில் விழுந்தால் ஏறத்தாழ 400 வாட் சூடு இறங்கும். தண்ணீர் மணிக்கு 2 டிகிரி ஏறும். ஒரு லிட்டர் ஆவியானால் 3 டிகிரி இறங்கும். நீர்ப்பரப்பில் விசிறி வைப்பது இதற்காகத்தான். ஆனால் காற்றில் ஈரம் கூடிய கடலோர நாட்களில் தண்ணீர் ஆவியாவதே மந்தமாகிவிடும், விசிறியால் 28-க்குக் கீழே கொண்டுபோவது கஷ்டம். கத்திரி வெயிலை விசிறியோடு மட்டும் தாண்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். சில்லர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை விட ஒரு அளவு பெரியதாக எடுங்கள். அதைத் தொட்டி ஸ்டாண்டுக்குள் அடைக்கக் கூடாது. அது கக்கும் சூடு அங்கேயே சுற்றினால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குளிராது.

விசிறி ஓடும் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் குறைவது சாதாரணம். ஊற்றாமல் விட்டால் ஒரே நாளில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-லிருந்து 35.8-க்குப் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே என்பதால் ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. மிதவை வைத்த தானியங்கி இருந்தால் தலைவலி குறையும். மற்ற அளவுகள் எந்தப் பவளத் தொட்டிக்கும் உள்ளவைதான்: காரத்தன்மை 8–9 டி.கே.எச்., கால்சியம் 400–450 பி.பி.எம்., நைட்ரேட் 10-க்குள்.

நிழல்வலையும் மழைக்காலமும்

விளக்கின் கீழ் வளர்ந்த பவளத்தை நேரே வெயிலில் வைத்தால் மூன்றே நாளில் வெளுக்கும். மாடித் தோட்டத்துக்கு விற்கும் 50 சதவீத நிழல்வலையை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு அடுக்கை எடுங்கள், அடுத்த இரண்டு வாரத்தில் மீட்டரைப் பார்த்து மற்றதை முடிவு செய்யுங்கள். பச்சை வலை வெளிச்சத்தின் நிறத்தையே மாற்றும்; கறுப்போ வெள்ளையோ வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் மூன்று, நான்கு நாள் வெயில் இல்லாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால் மாற்று எல்.இ.டி. வேண்டும். ஆபத்து மூட்டத்தில் இல்லை, அது கலைகிற அன்று இருக்கிறது. ஒரு வாரம் மங்கலில் பழகிய பவளத்தின் மேல் சுளீரென்று வெயில் விழும். மழை விடும் அன்றே ஒரு அடுக்கு வலையைத் திரும்பக் கட்டி, ஐந்து நாள் கழித்து எடுங்கள்.

எதை வளர்க்கலாம், எதைத் தொடக் கூடாது

பாறை கட்டும் கடின பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரை எல்லாம் 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. செத்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ கரையில் கிடந்தது என்று பையில் போட்டு வராதீர்கள். உயிர்ப்பாறை என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பவளக் கல்தான். செராமிக் பாறையை வைத்து, பாக்டீரியா படிய ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். மஷ்ரூம், லெதர், ஜோவாந்திட் போன்ற மென்பவளங்களோடு நின்றுகொள்ளுங்கள். தொட்டியில் வெட்டிப் பெருக்கியவையா என்று கேட்டு வாங்குங்கள். மீனுக்கு, பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும்.

ஜோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. தொட்டியின் மின் இணைப்பை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள். ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்றினால் உப்புநீர் பிளக்குக்குள் வடியாது.

வெளுத்துவிட்டால்

மேல்பக்கம் மட்டும் வெளுத்து நிழலான அடிப்பக்கம் நிறத்தோடு இருந்தால் காரணம் வெளிச்சம். சுற்றிலும் ஒரே சீராக வெளுத்திருந்தால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள், மதியம் 3 மணிக்குத் தெர்மாமீட்டரைப் பாருங்கள்; காலை அளவு ஏமாற்றும். எதுவானாலும் அன்றே இரண்டு அடுக்கு வலையைக் கட்டுங்கள். சூட்டை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்குங்கள். ஐஸ் பாட்டிலை உள்ளே போடுவது இன்னொரு அதிர்ச்சி. பவளத்தை இடம் மாற்றாதீர்கள், மருந்தும் ஊற்றாதீர்கள். சதை விரிந்திருக்கும் வரை உயிர் இருக்கிறது. வாரம் இருமுறை நுண்ணிய உணவு கொடுத்துவந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் அடியிலிருந்து பழுப்பு ஏறத் தொடங்கும். அதுவரை வலையை அவிழ்க்க வேண்டாம்.