"இது இனப்படுகொலைதானே?"

பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் அவர்களில் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்வதில்லை.

1948-இல் ஐ.நா. ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையின்படி, ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். கொன்றது யார் என்று காட்டிவிடலாம். என்ன நோக்கத்தில் கொன்றார்கள் என்று காட்டுவதற்குள் விழி பிதுங்கிவிடும். ஆனால் அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் வழக்கே போயிற்று என்பதில்லை. மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்பதற்கு அந்த நோக்கம் தேவையில்லை. பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடந்த தாக்குதலின் பகுதி என்று காட்ட வேண்டும். தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இரண்டுக்கும் உச்சத் தண்டனை ஆயுள்சிறைதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2007-இல் போஸ்னியா வழக்கில் நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம், 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசா நகரில் நடந்தது இனப்படுகொலை, அதைச் செர்பியா செய்யவில்லை, ஆனால் தடுக்கத் தவறியது என்று தீர்ப்பளித்தது. கடும் ஆபத்து இருப்பது ஓர் அரசுக்குத் தெரிந்ததுமே, ஏன், தெரிந்திருக்க வேண்டிய கட்டத்திலேயே, தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. பிணம் விழும்வரை காத்திருந்தோம் என்பது அரசுகளுக்குச் சாக்காகாது.

மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களைப் பாருங்கள். 2017-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடிவந்தபோதுதான் உலகம் விழித்தது. அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் 1982-லேயே வந்துவிட்டது. கடைசியில் 2019-இல் சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர்மீது வழக்குப் போட்டது எங்கோ ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா. உடன்படிக்கையில் சேர்ந்த எந்த நாடும் கேட்கலாம் என்பதால் அது முடிந்தது. 2020 ஜனவரியில், ரோஹிங்கியாக்களைக் காக்கச் சொல்லி மியான்மருக்கு இடைக்கால உத்தரவும் கிடைத்தது. அதை நிறைவேற்ற நீதிமன்றத்துக்கென்று காவல்படை கிடையாது. ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனால், நிரந்தர உறுப்பு நாடு ஒன்று வீட்டோ, அதாவது மறுப்பு வாக்கு, போட்டுத் தடுத்துவிடலாம். இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஆபத்து எப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டத்தான், நான் வாக்குமூலத்தைக் கொலை நடந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. அடையாள அட்டை மறுக்கப்பட்டது எப்போது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காதது எப்போது, வானொலியில் உங்களைப் பூச்சி, புழு என்று சொல்லக் கேட்டது எப்போது? காணொளி இருந்தால் எடுத்த போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், போய்ச்சேரும் பிரதியில் தேதி, இட விவரம் அழிந்துபோகலாம். வருகிறவர்கள் கேட்கிறார்களே என்று ஆளாளுக்கு வாக்குமூலம் கொடுக்காதீர்கள். சின்ன முரண் கிடைத்தாலும் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அரசு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிய விண்ணப்பம் இருந்தால் கிழித்துவிடாதீர்கள். அதிலுள்ள முத்திரைத் தேதிதான் எனக்கு வேண்டும்.