சூடு வைத்தால் இறுகாதா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் வானின் எக்ஸோஸ்ட் மெனிபோல்டில் (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) ஒரு போல்ட்டின் தலை முறிந்து, மிச்சம் எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது. கராஜில் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் பிடித்துச் சுழற்றி எடுத்தார்கள். சூடாக்கினால் உலோகம் விரியும் என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் இன்னும் இறுகத்தானே வேண்டும்?"

நியாயமான சந்தேகம். முதலில் அது ஏன் முறிந்தது என்று பார்ப்போம். மெனிபோல்ட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது உட்காரும் சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, அநேகமாக அலுமினியம். ஓட்டத்தில் மெனிபோல்ட் நூற்றுக்கணக்கான பாகை சூடேறி நீளும். ஹெட்டையோ தண்ணீர் ஆற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள போல்ட்டுகளுக்கு இந்த இழுபறி அவ்வளவாகத் தெரியாது. இரண்டு அந்தங்களிலும் இருப்பவைதான் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருமுறை வளைந்து நிமிரும். அதனால் முறிவது அநேகமாகக் கடைசி போல்ட். கை எட்டாத இடத்தில் இருப்பதும் அதுதான்!

அப்புறம் கறள். கடற்காற்று வீசும் ஊரில் அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கறள் தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரைக்குள் ஏது அவ்வளவு இடம்?

முறிந்த போல்ட்டில் துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டர் என்ற திருகுக் கருவியை இறக்கித் திருப்பும் வழி ஒன்று உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அது கூம்பு வடிவம். உள்ளே போகப் போகப் போல்ட்டை வெளிப்பக்கமாக விரித்து மரையோடு இன்னும் நெருக்கும். கடினப்படுத்திய உருக்கு என்பதால் வளையாது, டக்கென்று முறியும். முறிந்த துண்டில் சாதாரண டிரில் பிட் ஏறவே ஏறாது.

சரி, வெல்டிங்குக்கு வருவோம். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு கராஜில் இதை நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் ஆசனத்துக்குக் கீழே எஞ்சின் இருக்கும் வான். கராஜ் பாஸ் (மெக்கானிக்), பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு முறிந்த முகத்தைப் பார்த்தார். பற்றரி வயரைக் கழற்றினார். நட்டை வைத்து, அதன் துளை வழியாகவே வெல்டிங் பிடித்தார். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஆகவே ஹெட்டோடு ஒட்டிவிடும் என்ற பயமில்லை. நான் ஸ்பானரை நீட்டினேன். "அவசரப்படாதீங்க தம்பி, ஆறட்டும்" என்று பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயமே அந்தப் பிளேன்டீ நேரத்தில்தான் இருக்கிறது.

வாசகர் சொன்னபடி போல்ட் விரியத்தான் பார்க்கிறது. 8 மில்லிமீற்றர் போல்ட் 500 பாகை சூடேறினால் சுமார் 0.05 மில்லிமீற்றர் தடிக்க வேண்டும். தலைமயிர்ப் பருமனுக்கு மேல் போகாத கணக்கு. ஆனால் சுற்றிவர இன்னும் சூடேறாத உலோகம் நெரித்துப் பிடித்திருக்கிறது. சிவந்த உருக்கோ பழைய வலு இழந்து இளகிக் கிடக்கிறது. பக்கவாட்டில் வழி இல்லாததால், இடியப்ப உரலில் அமுக்கிய மா கண்கள் வழியே வருவது போல, போல்ட் தன் நீளப்பக்கமாகத் துளி பிதுங்குகிறது. ஆறும்போது நடப்பதுதான் வேடிக்கை. விரிய விடாமல் தடுத்துவிட்டார்களே என்று போல்ட் குறைத்துச் சுருங்குவதில்லை. இறங்கிய சூட்டுக்கு உரிய சுருக்கம் முழுவதையும் சுருங்கியே தீரும். விரிந்தது அரைகுறை, சுருங்கியது முழுசு. ஆக, ஆறிய போல்ட் முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கும். கறள் ஓட்டாஞ்சில்லு போல நொறுங்கும் பொருள். இந்த நெரிப்பிலும் சுருக்கத்திலும் வெடித்துவிடும். அந்த வெடிப்புகளுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் தானாகவே ஏறும்.

பாஸ் திரும்பி வந்து எண்ணெய் விட்டார். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, பிறகு கழற்றும் பக்கம். கிறீச். சிவப்புப் பொடியைக் கொட்டிக்கொண்டே வெளியே வந்தது.

அந்த வானின் முன்னால் தேசிக்காயும் பச்சைமிளகாயும் தொங்கின. போல்ட்டை மாட்டியபோது கொஞ்சம் கொப்பர் கிரீஸ் பூசியிருந்தால் இவ்வளவு பாடில்லை. கறளுக்குக் கண்ணூறும் தெரியாது, தேசிக்காயும் தெரியாது. ஆனால் கண்ணூறுக்குக் கட்டும் படிகாரத்துக்கு இந்தத் துறையில் உண்மையாகவே ஒரு வேலை உண்டு. பித்தளைத் தட்டில் முறிந்துபோன உருக்குத் திருகாணியை எடுக்க, மணிக்கூடு திருத்துபவர்கள் தட்டோடு படிகாரக் கரைசலில் போட்டுவிடுவார்கள். அந்த அமிலத்தன்மை இரும்பை மெல்லக் கரைக்கும், பித்தளையை விட்டுவிடும். எஞ்சினை அப்படி ஊறப்போட முடியாது என்பதுதான் குறை.

வாசகரே, முறிந்த தலை இன்னும் கையில் இருந்தால் அதன் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்தும் மிச்சம் பளபளப்பாகவும் இருந்தால், கறுத்த பகுதி முன்பே வெடித்துவிட்டது. கடைசியாக முறிந்தது பளபளக்கும் பகுதி மட்டும்தான். மெக்கானிக்தான் முறித்தார் என்று திட்டியிருந்தால் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.